தட்டைப்புழுவின் பேரேடு



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒலிபரப்பில் கடல் தட்டைப்புழுக்களைப் பற்றிப் பேசியிருந்தேன். அரை மணி நேரத்தில் பாதிதான் சொல்ல முடிந்தது. நிகழ்ச்சி முடிந்த கையோடு வயதான ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். "தம்பி, நீங்கள் சொன்ன அந்த வடிவான கடற்புழுவும் மனிசரின்ர வயித்தில இருக்கிற நாடாப்புழுவும் கூடப்பிறந்ததுகள் எண்டு சொன்னீங்கள். அதை எப்பிடி நம்புறது? ஆர் பார்த்தது?" என்று கேட்டார். அடுத்த நிகழ்ச்சிக்காரர் கதவருகே காத்துக்கொண்டு நின்றார். "எழுதித் தருகிறேன் அம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அந்தக் கடனைத்தான் இப்பொழுது தீர்க்கிறேன். எழுத உட்கார்ந்தபோதுதான் நான் வானொலியில் ஒரு பிழையும் விட்டிருந்தது தெரியவந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் உயிரியல் படித்தவன் அல்லன். வர்த்தகப் பட்டதாரி. முப்பது வருடமாகப் பிறருடைய கணக்கேடுகளைப் புரட்டுவதே என் சீவனோபாயம். ஆனாலும் "ஆர் பார்த்தது?" என்பது என் தொழிலில் நாளாந்தம் கேட்கிற கேள்வி என்பதால், பயமில்லாமல் உள்ளே இறங்குகிறேன்.

சிட்னிக்குத் தெற்கே பாறைக் கடற்கரைகளில் வற்றுநேரம் பார்த்துப் போனால், கல்லொன்றை மெதுவாகப் புரட்டும்போது அடிப்பக்கத்தில் நனைந்த இலை ஒட்டியதுபோல ஏதோ ஒன்று தெரியும். தொட்டால் ஓரங்களை நெளித்துக்கொண்டு வழுக்கி நகரும். அதுதான் தட்டைப்புழு. (பார்த்த பிறகு கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள். வெயிலில் விட்டால் அடியில் இருந்ததெல்லாம் செத்துப்போகும்.) கல்லடியில் இருப்பவை பெரும்பாலும் மண்ணிறம். வடக்கே குயின்ஸ்லாந்தின் பவளப்பாறைப் பக்கம் போனால் ஊதா, செம்மஞ்சள், கறுப்பில் மஞ்சள் கரை என்று காஞ்சிபுரம் புடைவைக் கடையே இருக்கும். லெஸ்லி நியூமன், லெஸ்டர் கனன் என்ற இரு ஆய்வாளர்கள் 2003 இல் இவற்றுக்கென்றே படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார்கள். நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள்.

இந்தப் புழுவுக்கு இரத்தம் இல்லை, இரத்தக் குழாய் இல்லை, செவுள் இல்லை. ஒட்சிசன் தோலூடாக ஊறித்தான் உள்ளே போகவேண்டும். தடித்த உடம்பென்றால் நடுவில் இருக்கும் கலங்களுக்குப் போய்ச் சேராது. ஆகவே தாள்போல மெல்லியதாக இருக்கிறது. உணவைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் இரத்தம் இல்லாதபடியால் குடலே மரக்கிளைபோலப் பிரிந்து உடம்பெங்கும் பரந்திருக்கிறது. "பொலிகிளாட்" என்ற பெயருக்குப் பல கிளையுடையது என்பதுதான் பொருள். குதம் கிடையாது. உண்டதன் மிச்சம் வந்த வழியே, வாயாலேயே வெளியே போகும். சாதுவாகத் தோன்றினாலும் ஊனுண்ணி. இவற்றுள் சில இனங்கள் சிப்பியின் ஓட்டுக்குள் புகுந்து உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். நியூ சவுத் வேல்ஸில் முத்துச்சிப்பி வளர்ப்போருக்கு இது உண்மையான தலையிடி.

இனி அம்மாவின் கேள்விக்கு வருவோம். கடலில் நீந்தும் இதுவும், குடலில் கொக்கி மாட்டிக்கொண்டு கிடக்கும் நாடாப்புழுவும், ஆட்டின் ஈரலில் வாழும் ஈரற்புழுவும், கிணற்றடி ஈரத்திலும் ஓடையிலும் காணும் பிளனேரியாவும் ஒரே கணத்தில் அடங்கும் என்று பாடப்புத்தகங்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தன. தட்டையான உடம்பு, உடற்குழி இல்லை, குதம் இல்லை. இதுதான் அன்றைய ஆதாரம். ஒரு பொருள் இல்லை என்பதை வைத்து உறவு சொல்வது எவ்வளவு பலவீனமானது என்பதை யோசித்துப் பாருங்கள். எங்கள் தெருவில் கார் இல்லாத வீட்டுக்காரர் எல்லோரும் ஒரே குடும்பம் என்று சொல்வதுபோல.

இதைவிட நல்ல ஆதாரம் கலங்களுக்குள் கிடைத்தது. ஒவ்வொரு கலத்திலும் இழைமணி என்ற சின்னஞ்சிறு உறுப்புகள் உண்டு. உணவிலிருந்து சக்தியைப் பிரித்துக் கொடுப்பது அவற்றின் வேலை. கலத்தின் பெரிய டி.என்.ஏ. தொகுதி கருவில் இருக்க, இழைமணி தனக்கென்று ஒரு சிறிய டி.என்.ஏ. வளையத்தையும் வைத்திருக்கிறது. தலைமை அலுவலகத்துப் பேரேட்டுக்குப் புறம்பாகக் கிளை ஒன்று தன் சில்லறைக் காசேட்டைத் தானே எழுதி வைத்திருப்பது போன்றது இது. மனிதருடைய இழைமணி வளையத்தில் 16,569 எழுத்துகள், 37 பரம்பரையலகுகள். 1981 இல் கேம்பிரிட்ஜில் இதை முழுமையாக வாசித்து முடித்தார்கள். பெரும்பாலான விலங்குகளில் இது தாய்வழியாகவே பிள்ளைக்குப் போகிறது. கலமொன்றில் ஏராளமான பிரதிகள் இருப்பதால், நகத்தளவு புழுவிலிருந்தும் எடுத்து வாசித்துவிடலாம்.

அந்த எழுத்துகளை மூன்று மூன்றாகச் சேர்த்து வாசிக்கவேண்டும். ஏ, சி, ஜி, ரி என்ற நான்கு எழுத்தில் மூன்றைச் சேர்த்தால் 64 குறியீடுகள் வரும். ஒவ்வொரு குறியீடும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும், அல்லது "இத்துடன் நிறுத்து" என்று சொல்லும். அமினோ அமிலங்களைக் கோத்தால் புரதம். கணக்குத்துறையினர் இதைக் கணக்குக் குறியீட்டுப் பட்டியல் என்று வைத்துக்கொள்ளலாம். 4100 என்றால் எழுதுகருவிச் செலவு, 4200 என்றால் வாகனச் செலவு என்று எல்லாக் கிளைகளும் ஒரே பட்டியலைப் பாவிக்கும்.

தட்டைப்புழுக்களின் இழைமணியில் இந்தப் பட்டியலே மாறியிருக்கிறது. "ஏ-ஏ-ஏ" என்ற குறியீடு வழமையாக லைசின் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும். தட்டைப்புழுக்களில் அது அஸ்பராஜின் என்ற வேறொன்றைக் குறிக்கிறது. முதுகெலும்பற்ற விலங்குகளின் இழைமணியில் மெதியோனினைக் குறிக்கும் "ஏ-ரி-ஏ"யும் இவற்றில் ஐசோலூசினுக்குத் திரும்பியிருக்கிறது. மாக்ஸ் டெல்போர்ட்டும் அவருடைய சகாக்களும் தட்டைப்புழுக்களின் பத்து வேறுவேறு பிரிவுகளை எடுத்துப் பார்த்து 2000 ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார்கள். பத்திலும் அதே இரண்டு மாற்றங்கள். கடலில் சுதந்திரமாக வாழும் பொலிகிளாட்டும் ஒட்டுண்ணியான நாடாப்புழுவும் இந்தப் பட்டியலைப் பாவிக்கும் கூட்டத்துக்குள்தான் வருகின்றன.

"ஆர் பார்த்தது?" என்றால், பார்த்த விதம் இதுதான். சில புரதங்கள் எல்லா விலங்குகளிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். அவற்றில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் மீன், பூச்சி, நத்தை எல்லாவற்றிலும் அஸ்பராஜின் நிற்கிறது என்று வையுங்கள். அதே இடத்தில் தட்டைப்புழுவின் ஏட்டில் "ஏ-ஏ-ஏ" என்று எழுதியிருக்கிறது. ஓரிடத்தில் என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். இடத்துக்கு இடம் அப்படியே வந்தால், அந்தக் குறியீட்டின் பொருள் அங்கே வேறு என்றுதான் கொள்ளவேண்டும். பழைய நிறுவனமொன்றின் ஏடுகளை, குறியீட்டுப் பட்டியல் தொலைந்துபோன நிலையில் நான் இப்படித்தான் வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் பெற்றோல் பற்றுச்சீட்டு இருக்கும் இடத்தில் எந்த இலக்கம் நிற்கிறதோ அதுதான் வாகனச் செலவு.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கவேண்டும்? டி.என்.ஏ.யில் ஓர் எழுத்து மாறினால் ஒரு பதிவு மாறும், அவ்வளவுதான். குறியீட்டின் பொருள் மாறினால் அந்தக் குறியீடு வரும் எல்லாப் பதிவுகளும் ஒரே நேரத்தில் மாறிவிடும். அநேகமாக அந்த உயிர் தப்பாது. மிகவும் அரிதாக, அந்தக் குறியீடு அதிகம் பாவிக்கப்படாமல் இருந்த ஒரு காலத்தில்தான் இது நடந்திருக்கமுடியும். லைசினைச் சுமந்துவரும் காவி மூலக்கூறு தட்டைப்புழுக்களில் "ஏ-ஏ-ஜி"யை மட்டும் வாசிக்கும்படி குறுகிப்போயிருக்கிறது. கைவிடப்பட்ட "ஏ-ஏ-ஏ"யை அஸ்பராஜினின் காவி எடுத்துக்கொண்டது. இப்படியொரு வினோதமான பட்டியலைப் பத்துக் கிளைகளும் வைத்திருந்தால், பத்தும் ஒரு கடையிலிருந்து பிரிந்தவை என்பதே இலகுவான விளக்கம்.

இந்த ஆய்வில் யார் உள்ளே என்பதைவிட யார் வெளியே என்பதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அசீல் என்ற ஒருவகைக் கடற்புழு உண்டு. பெரும்பாலும் சில மில்லிமீற்றர் நீளம், தட்டை, குடற்குழிகூட இல்லை. பிரான்ஸின் றொஸ்கொவ் கடற்கரையில் இவற்றின் ஓர் இனம் உடலுக்குள் பாசியை வைத்துக்கொண்டு, மணலில் பச்சைச் சாயம் ஊற்றியதுபோலக் கூட்டமாக வெயில் காயும். பார்வைக்கு அசல் தட்டைப்புழு. பாடப்புத்தகமும் அப்படித்தான் சொன்னது. இவற்றின் இழைமணியில் "ஏ-ஏ-ஏ" என்றால் லைசின். பழைய பட்டியல்! அதற்கு முந்திய வருடமே, 1999 இல், பார்சலோனாவைச் சேர்ந்த ரூயிஸ்-திரியோ முதலானோர் கருவின் டி.என்.ஏ.யை வைத்து அசீல்கள் தட்டைப்புழுக்களே அல்ல என்று எழுதியிருந்தார்கள். வேறுவேறான இரண்டு ஏடுகள் ஒன்றையே சொன்னால் கணக்காய்வாளர் பேனாவை மூடலாம்.

நாங்கள் படித்த காலத்து விலங்கியல் வரிசை இதனால் ஆட்டம் கண்டது. கடற்பஞ்சு, சொறிமுட்டை, அதன் மேல் தட்டைப்புழு, அதன் மேல் மற்றவை என்று ஏணிபோல அடுக்கி, எளிமையான தட்டைப்புழுவே இருபக்கச் சமச்சீருள்ள விலங்குகளுக்கெல்லாம் மூதாதை என்ற மாதிரிப் படம் போட்டிருப்பார்கள். இப்பொழுது உண்மையான தட்டைப்புழுக்கள் நத்தை, சிப்பி, மண்புழு இருக்கும் பெருங்குடும்பத்துக்குள் போய்விட்டன. ஏணியின் அடிப்படி என்ற இடம் அவற்றுக்கு இல்லை. அசீல்களோ எங்கே நிற்கின்றன என்று இன்னும் வழக்கு நடக்கிறது. 2011 இல் ஒரு குழு அவை எங்களைப் போன்ற முதுகெலும்பிகளும் நட்சத்திரமீனும் உள்ள பக்கம் என்றது. 2016 இல் இன்னொரு குழு, இல்லை, இருபக்கச் சமச்சீர் விலங்குகளில் முதலில் பிரிந்த கிளை அதுவே என்றது. 2019 இல் முதற் கருத்து மீண்டும் எழுந்தது. தீர்ப்பு இல்லை.

இனி, ஆதாரம் எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லாவிட்டால் நான் விற்பனையாளனாகிவிடுவேன்.

நட்சத்திரமீன்களின் இழைமணியிலும் "ஏ-ஏ-ஏ" அஸ்பராஜின்தான்! குறியீட்டை மட்டும் பார்த்தால் தட்டைப்புழுவும் நட்சத்திரமீனும் உறவு என்று எழுதவேண்டிவரும். உடலமைப்பும் முளையவளர்ச்சியும் கருவின் டி.என்.ஏ.யும் அதை ஏற்கவில்லை. ஆகவே இரண்டும் தனித்தனியே இந்த மாற்றத்துக்கு வந்தன என்றே கொள்கிறார்கள். அரிதானது என்றால் இரண்டுமுறை நடக்காது என்று பொருளல்ல.

இரண்டாவது, எங்கள் அவுஸ்திரேலியாவில் நடந்தது. வளையத்தில் பரம்பரையலகுகள் எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டுள்ளன என்பதும் நல்ல உறவுச் சான்று என்று பலர் நம்பினார்கள். டவுன்ஸ்வில்லைச் சேர்ந்த டேவிட் பிளேயர், பிரிஸ்பேனைச் சேர்ந்த டொன் மக்மானஸ் ஆகியோர் உள்ளிட்ட ஒரு குழு சிஸ்ரொசோமா என்ற இரத்தப் புழுவை ஆராய்ந்தது. சாதாரணப் புழுவல்ல இது. 2021 இல் உலகில் 25 கோடிப் பேருக்கு மேல் இதற்கான தடுப்பு மருந்து தேவைப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் கணித்தது. இதன் ஆசிய இனத்தில் அலகுகளின் ஒழுங்கு மற்றத் தட்டைப்புழுக்களைப்போல, நாடாப்புழுவைப்போலக்கூட இருந்தது. ஆபிரிக்க இனத்திலோ எல்லாம் இடம்மாறிக் கிடந்தன. இரண்டும் ஒரே சாதிப் பெயரைத் தாங்கிய நெருங்கிய உறவு. ஒழுங்கை மட்டும் பார்த்தவர் ஆசியப் புழுவை நாடாப்புழு வீட்டில் கொண்டுபோய் விட்டிருப்பார். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இதை ஓர் எச்சரிக்கைக் கதை என்று குறிப்பிட்டார்கள்.

மூன்றாவது கதையை நினைத்தால் இன்னமும் சிரிப்பு வருகிறது. செனோரேர்பெலா என்று சுவீடன் கடலடிச் சேற்றில் ஒரு புழு. 1949 இல் விபரிக்கப்பட்டது. இதுவும் எளிமையான உடம்பு; அசீல்களின் உறவு என்று இப்போது கொள்ளப்படுகிறது. 1997 இல் இதன் டி.என்.ஏ.யைப் பார்த்துவிட்டு, இது மட்டி இனம் என்று அறிவித்தார்கள். மட்டி எங்கே, இந்தச் சோம்பல் புழு எங்கே? 2003 இல் உண்மை வெளிவந்தது. புழு மட்டியைத் தின்றிருந்தது. வாசிக்கப்பட்டது அதன் வயிற்றில் இருந்த சாப்பாட்டின் டி.என்.ஏ.! கடைக்காரரின் ஏடு என்று நினைத்து, மேசையில் கிடந்த வாடிக்கையாளரின் ஏட்டைக் கூட்டிக் கழித்துக் கையொப்பமும் வைத்தது போலாயிற்று. (எங்கள் தொழிலிலும் நடந்திருக்கிறது. பெயர் சொல்லமாட்டேன்.)

இன்னொன்று, தட்டைப்புழுக்களின் இழைமணி எழுத்துகள் மிக வேகமாக மாறுபவை. பழைய எழுத்தின் மேல் புதிய எழுத்து, அதன் மேல் இன்னொன்று என்று போனால், மிகத் தொன்மையான உறவுகள் அழிந்துவிடும். வேகமாக மாறிய இரண்டு கிளைகள், உறவே இல்லாமலும், ஒன்றுபோலத் தோன்றலாம். 37 அலகுகளில் ஒன்றான ஏ.ரி.பி.8 தட்டைப்புழுக்களில் அடியோடு இல்லை என்றுகூட நீண்டகாலம் எழுதி வந்தார்கள். மிகச் சிறிய அலகு அது, உருமாறியும் போயிருந்தது. சுதந்திரமாக வாழும் சில நுண்ணிய தட்டைப்புழுக்களில் அது இருக்கத்தான் செய்கிறது என்று 2017 இல் காட்டினார்கள். ஒட்டுண்ணிகளில்தான் அது காணாமல் போயிருக்கிறது.

கிட்டிய உறவுகளுக்கு இந்தச் சிறிய ஏடு நன்றாக உதவும். பொலிகிளாட்களை முதலில் ஒழுங்காக வகைப்படுத்தியவர் ஆர்னோல்ட் லாங். நேப்பிள்ஸ் வளைகுடாவில் ஆராய்ந்து 1884 இல் பெரிய நூலொன்று எழுதினார். அடிப்பக்கத்தில், பெண் துவாரத்துக்குப் பின்னால் ஓர் ஒட்டுக்கிண்ணம் உண்டா இல்லையா என்று பார்த்து இரண்டு பெரும் பிரிவுகளாக்கினார். பொலிகிளாட்டின் முழு இழைமணி ஏடு முதன்முதலில் 2015 இல்தான் வெளிவந்தது. அதற்குப் பிறகு வந்த இழைமணி ஆய்வுகளிலும் கரு ஆய்வுகளிலும் லாங்கின் இரு பிரிவுகள் பெருமளவு நின்றுவிட்டன. நூற்றுமுப்பது வருடத்துக்கு முன் உருப்பெருக்கியும் கைவரைபடமும் வைத்துச் செய்த வேலை! செஸ்ரோபிளானா போன்ற சில, ஒட்டுக்கிண்ணம் இல்லாதவை என்று ஒருபக்கம் வைக்கப்பட்டிருந்தவை, மறுபக்கம் மாறின. மறுபடியும் அதே பாடம்தான்: இல்லாத பொருளை வைத்து உறவு சொன்ன இடத்தில்தான் கணக்குப் பிழைத்தது.

இனி என் பிழை. பொலிகிளாட்டும் நாடாப்புழுவும் "கூடப்பிறந்தவை" என்று ஒலிவாங்கியில் சொன்னேன். அது சரியல்ல. 2015 இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் கருவின் டி.என்.ஏ. வழியே நூற்றுக்கணக்கான அலகுகளை ஒப்பிட்டு முழுத் தட்டைப்புழு வம்சத்தையும் வரைந்தன. அதன்படி நாடாப்புழு, ஈரற்புழு, சிஸ்ரொசோமா ஆகிய ஒட்டுண்ணிகள் ஒரே கிளை. அவற்றுக்குக் கிட்டியவை வேறு சில சுதந்திரப் புழுக்கள். பிளனேரியாக்கூட பொலிகிளாட்டை விட அந்தப் பக்கத்துக்கு நெருக்கம். எங்கள் பொலிகிளாட்டின் கிளை அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே பிரிந்துவிட்டது. பாறைக்கடியில் இருக்கும் புழு குடலுக்குள் குடிபுகுந்து நாடாப்புழுவாயிற்று என்று யாராவது விளங்கிக்கொண்டிருந்தால், தவறு என்னுடையது. ஒரு பாட்டனுக்குப் பிறந்த மூன்று நான்குவிட்ட சகோதரங்கள் என்று சொல்லியிருக்கவேண்டும்.

அம்மா, உங்களுக்கு நான் தரும் திருத்திய பதில் இதுதான். சொந்தம் உண்மை. கூடப்பிறப்பு இல்லை. இந்தத் திருத்தத்தை அடுத்த ஞாயிறு ஒலிபரப்பின் தொடக்கத்திலேயே வாசிக்கிறேன். பழைய ஒலிப்பதிவை மறுஒலிபரப்புச் செய்யும்போது அந்த வசனத்தை வெட்டிவிடும்படி நிலையத்துத் தம்பிமாரிடமும் சொல்லியிருக்கிறேன்.